விலாசம் சொல்லி வேண்டியவள்

அம்மாவின் தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி மறுபடியும் நழுவியது. மூத்தவள் அதை அவிழ்த்து, உச்சந்தலையில் இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"செத்த பிறகும் வாய் மூட மாட்டேங்குது பாரு."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அப்பா போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முதுகுக்குப் பின்னால் எந்தச் சண்டை நடந்தாலும் திரும்பிப் பார்க்காத பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

விடியற்காலையில்தான் மூச்சு நின்றது. வெயில் ஏறுவதற்குள் பிரார்த்தனைக் குழுப் பெண்கள் வந்து நாற்காலிகளைப் பிடித்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு இடம் பிடிக்கிற வேகம். அவர்கள் தலைவிக்கு மூத்தவள் வைத்திருந்த பெயர் மைக். மைக் நேராக வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாதம்மா."

மூத்தவள் அழவே இல்லை.

"உங்கம்மா மாதிரி வேண்டத் தெரிஞ்சவங்க யாரு இருக்கா? உன் தம்பிக்காக அவங்க கேட்டதுல எது நடக்காம போச்சு, சொல்லு. குடோன்ல வேலை கேட்டாங்க, கெடைச்சுது. போலீஸ் புடிச்சு வச்சப்போ கேட்டாங்க, சாயங்காலமே வெளிய வந்துட்டான். புள்ளைங்கள கடவுள் கையில குடுத்துட்டு நிம்மதியா இருந்தாங்க. நம்பிக்கைன்னா அதுல்ல!"

கிடைத்ததாம், வந்தானாம். மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குடோன் முதலாளியின் வாசலில் பழி கிடந்தவள் இவள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஏட்டுவிடம் கெஞ்சிக் கூத்தாடியவள் இவள். நன்றி மட்டும் நேராக மேலே போய்விடும். கடவுளுக்கு எடுபிடி வேலை பார்த்தே பாதி ஆயுசு போயிற்று, ஒரு வாய் சபாஷ் உண்டா?

அம்மாவின் வேண்டுதலே ஒரு தினுசு. மூத்தவள் வேலை முடிந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவாள், உள்ளறையில் ஆரம்பித்துவிடும்.

"கடவுளே, சின்னவனுக்கு அந்தக் குடோன்ல ஒரு வேலை போட்டுக் குடு. முதலாளி மார்க்கெட்டுக்குப் பின்னால நீல கேட் வீட்லதான் இருக்காராம். காலைல சீக்கிரம் போனா ஆளைப் புடிச்சிடலாமாம். அவர் சம்சாரம் நல்லவங்களாம்."

எல்லாம் தெரிந்தவருக்கு நீல கேட் எதற்கு என்று மூத்தவள் தலையில் அடித்துக்கொள்வாள். லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுக்கிற வேலை அவளுக்கு. லிஃப்ட் நடுவில் நின்று மாட்டிக்கொண்டவர்கள்கூட இத்தனை விவரம் சொல்வதில்லை. எந்தக் கட்டடம், எந்த மாடி என்று பிடுங்கித்தான் வாங்க வேண்டும். அம்மா கேட்காமலே கொட்டுவாள். மறுநாள் காலையில் இவள் கால்கள் வெட்கமில்லாமல் நீல கேட் முன்னால் போய் நிற்கும்.

இத்தனை வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், இவள் பெயர் அந்த வேண்டுதலில் அடிபட்டதில்லை. இவளுக்கு வந்த வரன் தட்டிப்போனபோதும் இல்லை, கர்ப்பப்பையை எடுத்தபோதும் இல்லை. அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. அம்மா கண்ணை மூடியதும் தம்பியைத் தலைமுழுகிவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியிலேயே தீர்மானித்துவிட்டாள். இனிமேல் தன் பாட்டை மட்டும்தான் பார்க்கப்போகிறாள்.

சவ வண்டி வந்து நின்ற நேரத்தில்தான் தம்பி வந்தான், தோளில் ஒரு பை, கையில் ஒரு பெட்டியோடு. இரண்டையும் வைக்க இடம் பார்த்துவிட்டு அதற்குப் பிறகு அழுதான். நன்றாகவே அழுதான், குழுப் பெண்கள் இரண்டு பேர் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்கள். குடித்து முடித்ததும் அக்காவைத் தேடிச் சமையலறைக்கு வந்தான்.

"அக்கா, வேலை போயிடுச்சு. ரூமையும் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அம்மாகிட்ட போன்ல சொல்லியிருந்தேன்."

"எப்ப?"

"தொண்டையில குழாய் போடறதுக்கு முந்தின நாள். வேண்டிக்கறேன்னாங்க. ஏன்னு தெரியலக்கா, இந்தத் தடவை ஒண்ணுமே நடக்கல."

ஓங்கி ஒன்று விடலாமா என்று கை அரித்தது. தலை நரைத்துவிட்டது கழுதைக்கு.

"கடவுள் பாத்துப்பார், போ," என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் வந்து குனிந்தாள். "அப்பா, இப்பவே சொல்லிட்டேன். அவனை என் தலையில கட்டாதீங்க. உங்க பொண்டாட்டி கடவுள்கிட்டதான கேட்டுக்கிட்டு இருந்தா? அவரே வச்சுக் காப்பாத்தட்டும்."

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"கடவுள்கிட்ட எங்க கேட்டா? உன்கிட்டதான் கேட்டா."

"என்ன சொல்றீங்க?"

"நீ வீட்ல இல்லாதப்போ ஒரு நாளும் அவ சத்தமா வேண்டினதில்ல. நீ செருப்பு கழட்டற சத்தம் கேக்கணும், அப்பதான் ஆரம்பிப்பா. நேர்ல கேட்டா நீ கடிச்சுக் குதறிடுவியே."

விலாசம், நேரம், யாரைப் பிடிக்க வேண்டும் என்பதுவரை சொல்லிச் சொல்லி அம்மா இவளைத்தான் அனுப்பியிருக்கிறாள். ஊரெல்லாம் புகார் வாங்குகிறவளுக்குத் தன் வீட்டிலிருந்து வந்த புகார் தெரியவில்லை. தன்னைப் போல ஒரு முட்டாள் உண்டா என்று எரிந்தது.

"அப்போ கடவுள்கிட்ட அவ ஒண்ணுமே கேக்கலையா?"

"கேட்டாளே. நீ தூங்கினப்புறம் எந்திரிச்சு உக்காருவா. வாயே அசையாது."

"அவனுக்காகவா?"

"அவனுக்குத்தான் நீ இருக்கியே." அப்பா அம்மாவின் பாதத்தின் மேல் போர்வையை இழுத்துவிட்டார். "உனக்கு யாரு இருக்கா?"

"திருட்டுக் கிழவி!"

கூடம் முழுக்கக் கேட்டது. பிரார்த்தனையை ஆரம்பிக்க வாயைத் திறந்த மைக் அப்படியே நின்றாள். மூத்தவள் யாரையும் பார்க்காமல் வெளியே போய், வண்டியின் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூக்கை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள்.

அம்மாவைப் பின்னால் ஏற்றினார்கள். அப்பா ஏறினார். இரண்டு மூன்று பேர் ஏறினார்கள். தம்பி மட்டும் கேட்டைப் பிடித்தபடி நின்றான், ஏறு என்று யாராவது சொல்வார்களா என்று. மூத்தவள் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டாள்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, பக்கக் கண்ணாடியை, கேட்டில் நிற்கிறவன் தெரிகிற வரை தன் பக்கம் திருப்பினாள்.

"அதைத் தொடாதீங்கம்மா, எனக்குப் பின்னால தெரியாது."

"கொஞ்சம் இருங்க," என்றாள், கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.