மூன்று மணிப் புகை

கோடு இறங்கிவிட்டது. ஜாக்லின் வேலை பார்க்கும் ஜொகூர் பாரு ஆய்வு நிறுவனத்தில் அதற்காகக் கேக் கூட வெட்டினார்கள். சிம்பாங் ரெங்கம் பக்கத்து ஈய உருக்காலைக்கு மேல் எவ்வளவு கந்தகப் புகை மிதக்கிறது என்று செயற்கைக்கோள் பதினைந்து வருஷமாகப் பார்த்து வைத்ததை ஒரே கோடாக வரைந்தவள் அவள்தான். பதின்மூன்று வருஷம் ஏறிய கோடு கடைசி இரண்டு வருஷத்தில் சரசரவென்று சரிந்திருந்தது. அதைக் காட்டித்தான் ஆலைக்காரர்கள் இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டிருந்தார்கள். புதன்கிழமை விசாரணை.

ஆலைக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில்தான் அவளுடைய அண்ணன் ஆலன் குடியிருந்தான். அவன் மகள் ஆட்ரிக்கு ஏழு வயது. மூச்சுத் திணறலுக்கு மருந்து உறிஞ்சாமல் படுக்க முடியாது. போன விசாரணைக்கு ஆலனும் அக்கம்பக்கத்தாரும் கரி படிந்த துணிகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, எல்லார் முன்னாலும் மேதாவித்தனமாகச் சொன்னவள் ஜாக்லின்: "துணியெல்லாம் ஆதாரம் ஆகாதுண்ணே. டேட்டா வேணும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனாள். கோடு இறங்கிய நல்ல செய்தியைத் தானே சொல்ல வேண்டும் என்ற ஆசை வேறு. பாதிச் சாப்பாட்டில் அண்ணி வினிஃப்ரெட் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். கையைக் கழுவிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். ஜாக்லின் எட்டிப் பார்த்தாள். அந்த வரிசையில் எல்லா வீட்டிலும் பெண்கள் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன அண்ணி, மழையா?"

"மழை இல்ல லா. மூணு மணிக்கு உலைய மூட்டிருவானுங்க. அப்புறம் விடியிற வரைக்கும் புகைதான்."

"முன்ன காலையிலேயே மூட்டுவாங்களே?"

"அது அப்போ. இப்ப ரெண்டு வருஷமா இப்படித்தான்."

ஜாக்லின் தட்டை ஒதுக்கி வைத்தாள். அந்தச் செயற்கைக்கோள் ஜொகூரைத் தாண்டிப் போவது நாளுக்கு ஒரே தடவை, பகல் ஒன்றரை மணி வாக்கில். அதற்குப் பிறகு மறுநாள் வரை அதற்குக் கண் கிடையாது. இது ஆலைக்காரனுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் செயற்கைக்கோள் புகையை எப்படி அளக்கிறது என்று ஆலைக்காரர்களுக்கு ஹோட்டலில் அவள்தான் வகுப்பு எடுத்தாள். தேநீர் இடைவேளையில் மேனேஜர் கில்பர்ட் பவ்வியமாக வந்து, "மேடம், அது நம்ம தலைக்கு மேல எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டார். ஒரு மனிதர் இத்தனை அக்கறையாகக் கேட்கிறாரே என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைப் பலகையில் பாதையை வரைந்து, 1.30 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டாள். அது ஒன்றும் ரகசியமில்லை, இணையத்தில் தேடினால் கிடைக்கும். ஆனால் அவர்கள் தேடவில்லை. இவள் ஊட்டிவிட்டாள். அந்த இரண்டு கோட்டை நினைக்க நினைக்கத் தன் கையைத் தானே ஒடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

புதன்கிழமை விசாரணையில், தன் நிறுவனத்து முதலாளி முறைக்க முறைக்க எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னாள், தான் சொல்லிக்கொடுத்ததையும் சேர்த்து. அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்று மணிக்கு மேல் எடுத்த பதிவு இருக்கிறதா என்றார். இல்லை. வேறு என்ன இருக்கிறது?

"கொடியிலேர்ந்து துணி எடுக்கறாங்க," என்றாள் ஜாக்லின்.

கில்பர்ட்டுக்கு வாயெல்லாம் பல். "துணியெல்லாம் ஆதாரம் ஆகாதுன்னு போன தடவ மேடமே சொன்னாங்களே."

இரண்டாவது உலைக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

வாசலில் ஆலன் நின்றிருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலாம். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான்.

"வினி, ரெண்டே முக்கா ஆச்சு. துணிய எடுத்துட்டு, ஆட்ரிய உள்ள கூட்டிட்டுப் போயி சன்னலச் சாத்து."