கோவிந்தராஜின் இருமல்

எதிர்வீட்டு சரசா ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கோவிந்தராஜின் மடியில் வைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். "தகிரியமா இரு அண்ணாத்தே. அக்காவ நெனச்சாவது அந்தக் கருமத்த உடு." கோவிந்தராஜுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. நுரையீரலில் புற்றுநோய் வந்திருந்தது அவருக்கில்லை. சரசாவுக்குக் காபி கலக்க அடுப்படிக்குள் போயிருந்த அவர் மனைவி அஞ்சலைக்கு.

சரசாவைச் சொல்லிக் குற்றமில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டிய காலத்திலிருந்து நாற்பது வருஷமாகப் பீடி, ரிட்டயர் ஆனதும் பதவி உயர்வு கிடைத்த மாதிரி சிகரெட். கொரட்டூரில் அந்தத் தெருவே அவரைப் புகையோடு பார்த்துத்தான் பழக்கம். அந்த வீட்டில் நுரையீரல் நோய் என்று காதில் விழுந்ததும் ஆளைத் தெருவே முடிவு செய்துவிட்டது. தெரு என்ன, ஆஸ்பத்திரியிலும் அதே கதைதான். டாக்டர் அகல்யா ஸ்கேன் படத்தைப் பார்த்ததுமே கோவிந்தராஜை ஐந்து நிமிஷம் லெஃப்ட் ரைட் வாங்கினார். அவரும் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். பிறகுதான் டாக்டர் ஃபைலில் பெயரைப் பார்த்தார், நாக்கைக் கடித்துக்கொண்டு அஞ்சலை பக்கம் திரும்பினார்.

அப்புறம் பொறுமையாகச் சொன்னார். முன்பெல்லாம் பெரிய மூச்சுக்குழாய்ப் பக்கம் வருகிற வகைதான் அதிகமாம். வந்தவர்களும் பெரும்பாலும் புகைக்கிற ஆண்கள். இப்போது நுரையீரலின் ஓரத்தில் வருகிற வேறொரு வகை கூடிவிட்டது, புகையைத் தொடாத பெண்களுக்கும் வருகிறது. அஞ்சலைக்கு அந்த வகை. சின்னதாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமை ஆபரேஷன், மீதி அதற்குப் பிறகுதான் தெரியும்.

"என் பீடியாலயாம்மா?" என்று கேட்டார் கோவிந்தராஜ்.

இருக்கலாம், அடுப்புப் புகையாகவும் இருக்கலாம், ரோட்டுக் காற்றாகவும் இருக்கலாம், காரணமே தெரியாமலும் வரும் என்றார் டாக்டர். ஆமாம் என்று ஒரேயடியாகச் சொல்லியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவரையும் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அது சுத்தமாக இருந்தது. வெட்கக்கேடு, அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

தெருவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நூறு தடவை கிளம்பினார். அஞ்சலை விடவில்லை. "என்னை நடுவுல உக்கார வெச்சு ஊரே உச்சு கொட்டும். எனுக்கு அது வோணாம்யா. நாப்பது வருசமா நான் கத்துனத இப்பதான் நாலு பேர் சொல்றாங்க. நீயே கேட்டுக்க."

கேட்டுக்கொண்டார். மாதுளையோடு ஒரு திட்டு, ஆப்பிளோடு ஒரு திட்டு. அஞ்சலை அடுப்படி வாசலில் நின்று கச்சேரி கேட்பதைப் போல ரசித்தாள். டீக்கடை ஹுமாயூன், பதினைந்து வருஷமாகக் காலையில் முதல் சிகரெட்டை எடுத்துக் கொடுத்தவர், "பால் வேணா குடி மாமே. சிகரெட்டு கேட்டீன்னா கடைய சாத்திடுவேன்" என்றுவிட்டார். பட்டரவாக்கம் வரை நடந்து போய்ப் பார்த்தார். அங்கே கடை வைத்திருந்தது ஹுமாயூனின் மச்சான். பதினொரு நாளாக வாயில் வெறும் கிராம்புதான். திங்கட்கிழமை எல்லாம் சரியாகிவிட்டால் அந்தக் கிராம்பையும் விட்டுவிடுவதாக அவர் சாமியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

சரசா காபியை வாங்கி ஒரு வாய் குடித்திருப்பாள். அடுப்படியிலிருந்து இருமல் கேட்டது. வறட்டு இருமல், இரண்டு தடவை, முந்தானையால் அடைத்ததுபோல. சரசா டம்ளரோடு அந்தப் பக்கம் திரும்பினாள்.

கோவிந்தராஜ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார். சுவர்க் கடிகாரம் அதிர்கிற மாதிரி இருமினார். சரசா காபியை வைத்துவிட்டு ஓடிவந்து முதுகைத் தடவினாள். "அஞ்சலக்கா, சுடுதண்ணி கொண்டா" என்று கூவினாள்.

அஞ்சலை தண்ணீரோடு வந்தாள். அவளுக்கும் கண் சிவந்திருந்தது. டம்ளரை அவர் கையில் வைத்து, விரல்களை மடக்கிப் பிடிக்க வைத்து, "குடிய்யா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். கோவிந்தராஜ் குடிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வழிய, நடுநடுவே நிறுத்தி அடுப்படிப் பக்கம் காது கொடுத்து, மறுபடி இருமினார்.