ஜன்னல் சிறியது என்று சொன்னவரும் காற்று மின்சாரமும்

1
இக்கதை ஒருவர் எடுக்கத் தயங்கிய தொலைபேசியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் முதலில் எழுதிய தொடக்கம்: ‘புவி வெப்பமடைந்துவரும் இவ்வேளையில், மண்டலங்கள் தமக்குள் ஒருங்கிணைந்து—’ எழுதிய எனக்கே கொட்டாவி வந்ததால் அவ்வாக்கியம் அங்கேயே நிற்கிறது.

2
மேட்டு மண்டலத்தில் காற்றாலைகள். பள்ள மண்டலத்தில் நிலக்கரி. மேட்டில் காற்று மிகுந்தால் பள்ளம் அம்மின்சாரத்தை வாங்கிக்கொண்டு, கரி எரிப்பதைக் குறைக்க வேண்டும். அதற்கு இரு கட்டுப்பாட்டு அறைத் தலைவர்களும் பேச்சு பதிவாகும் தொலைபேசியில் ஒரே விலையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். திட்டத்தை வகுத்தவர் பள்ளத்துத் தலைவர். அதைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்த தவணைக்கு இன்றே கடைசி நாள். மூன்று மணிக்குள் பேசாவிட்டால் மேலே காற்றாலை நிற்கும், கீழே இன்னொரு கொதிகலன் எரியும், அவருடைய திட்டம் குப்பைக்குப் போகும்.

மேட்டுத் தலைவர் அவருடைய மச்சான். (வேண்டுமென்றே செய்தேன். அந்நியர்களாயின் பேசி முடித்திருப்பார்கள்.) சென்ற ஞாயிறு மச்சானின் புது வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஜன்னல் சின்னதா இருக்கே” என்றார் இவர். அதன்பின் பேச்சு நின்றது. நல்லவேளையாகக் காற்றும் நின்றது. இன்று காற்று வந்துவிட்டது.

3
ஆகவே பள்ளத்துத் தலைவர் தன் மனைவியை அழைத்தார். (முதல் வரைவில் அவர் ஆசிரியை. எதிரில் இருப்பவர் குறுக்கே பேச முடியாத தொழில் தேவைப்பட்டதால் பல் மருத்துவராக்கினேன்.) மருத்துவர் இன்னொரு கைபேசியில் அண்ணனை அழைத்து, இரண்டையும் ஒலிபெருக்கியில் போட்டு, மேசையில் அருகருகே வைத்தார்.

“உங்கண்ணன்கிட்ட யூனிட்டுக்கு நாலுன்னு சொல்லும்மா.”

“அண்ணே, நாலாம்.”

“ஆறுன்னு சொல்லு. வாய் மட்டும் பெருசு அந்த மனுஷனுக்கு.”

“ஏங்க, ஆறாம். மிச்சம் உங்களுக்கே கேட்டிருக்கும்.”

கேட்டதுதான். ஆயினும் மருத்துவர் திருப்பிச் சொன்ன பிறகே கேட்டதாகக் கொள்வது என்று இருவரும் பேசாமலே உடன்பட்டிருந்தனர். (இரு மண்டலங்களுக்கும் இடையே அன்று ஏற்பட்ட முதல் ஒருங்கிணைப்பு.)

“அஞ்சு. ரெண்டு பேருக்கும் அதான். பல்லு காட்ட வந்தவரு எவ்வளவு நேரம் வாயத் தொறந்துட்டே இருப்பாரு? மிச்சத்த நேரா பேசிக்குங்க.”

இரண்டு கைபேசிகளும் ஒருசேர “சரி” என்றன.

4
விலை முடிந்தது. ஆனால் பதிவுத் தொலைபேசியில் தலைவர்களே பேசினால்தான் செல்லும். அவ்விதியையும் எழுதியவர் பள்ளத்துத் தலைவரே.

மச்சானே அழைப்பதாக ஒரு முடிவு எழுதி அடித்துவிட்டேன், ஜன்னல் அவருடையது. ‘ஜன்னல் பெருசுதான் மச்சான்’ என்று இவர் சொல்வதாக எழுதினால் பொய் பதிவாகும். காற்று மீண்டும் நின்றுவிடுவதாக முடிக்கலாம்தான். ஆனால் அது என் கோழைத்தன—

கொதிகலன்காரர் வாசலில் நின்று கேட்கிறார்: “பத்த வச்சிரவாங்க? இல்ல, இன்னும் கொஞ்சம் பாப்பமா?”

இவர் எண்களை அழுத்திவிட்டார். முதல் மணியிலேயே மறுமுனை எடுத்துவிட்டது. இப்போது இருவர் மூச்சு விடுவது மட்டும் பதிவாகிக்கொண்டிருக்கிறது.

வாசகரே, முதல் வாக்கியத்தை நீங்கள் எழுதிக் கொடுங்கள். விலையைப் பற்றி வேண்டாம், அது முடிந்துவிட்டது.