லான்ஸோவின் மெட்டு

அந்த இசைத்தட்டு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தது 1971 பிப்ரவரியில். நான் அப்போது வில்க்ஸ்பரோ என்ற மலையடிவார ஊருக்குப் பக்கத்தில் ஆறாம் வகுப்பு ஆசிரியை. நூலகத்துக்கு வந்த பெட்டியைப் பிரித்து அடுக்கும் வேலை அன்றைக்கு என் தலையில் விழுந்தது. மேலாக இருந்த இசைத்தட்டின் அட்டையில் கார்லண்ட் ஸ்டர்ஜில், பிடிலை மார்பில் சாய்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அவர் என் அப்பாவின் கூட்டாளி. முப்பத்தோரு வருஷமாக அவர் பிடில், அப்பா விரலால் தந்தி மீட்டும் பாஞ்சோ. உள்ளே இருந்த சின்னப் புத்தகத்தை நின்ற இடத்திலேயே புரட்டினேன். நான்காவது மெட்டின் பெயர் ‘கழுதை ஆறு கடந்தது’. ஸ்காட்லாந்திலிருந்து இருநூறு வருஷத்துக்கு முன் வந்து குடியேறிய ஸ்டர்ஜில் குடும்பத்தில், தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று வழிவழியாக வந்த மெட்டு இது என்று கீழே எழுதியிருந்தது. மூன்றாம் பகுதியில் ஒரு தாளத் தட்டு கூடுதலாக வருகிறதே, அது அந்த நாட்டில் காற்றுப்பை வைத்து ஊதும் குழலிசையின் மிச்சமாம். எழுதியவர் புரொபசர் எல்ஸ்வர்த்.

அந்தக் கூடுதல் தட்டு எங்கிருந்து வந்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவின் அப்பா லான்ஸோ சாட்டர்வைட், ரயில் பாதைக்குக் கட்டை இழுத்துக்கொண்டிருந்தவர். யாட்கின் ஆற்றில் வெள்ளம் வந்தபோது அவருடைய கோவேறு கழுதை அடித்துச் செல்லப்பட்டது. போச்சு என்று எல்லோரும் திரும்பிவிட்டார்கள். அது எதிர்க்கரையில் ஏறியது. ஏறும்போது ஒரு குளம்பு வழுக்கி, சமாளித்து, மறுபடி ஊன்றியது. அந்த வழுக்கலைத்தான் அவர் மெட்டில் வைத்தார், சுரைக்குடுக்கையில் பூனைத்தோல் கட்டிய பாஞ்சோவில். அதைக் கார்லண்டுக்குப் பிடிலில் பிடித்துக் கொடுக்க அப்பாவுக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது. கார்லண்ட் ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் தடுமாறுவார். அம்மா சமையலறையிலிருந்து சிரிப்பாள்.

அப்பா பெயர் ஹோசியா. இருவரும் ஒரே நாற்காலி ஃபாக்டரியில் வேலை பார்த்தார்கள். கார்லண்ட் வெள்ளைக்காரர், கடைசல் மெஷினில். அப்பா, கறுப்பர்களை மட்டும் விட்ட வார்னிஷ் அறையில். வெள்ளைக்காரர் வீட்டு ஆட்டங்களுக்கு வாசிக்கப் போனால் அப்பா சமையல்கட்டு வழியாகத்தான் நுழைவார். நாலு பேர் முன்னால் “மிஸ்டர் கார்லண்ட், நீங்க” என்பார். தனியே இருந்தால் “கார்லண்ட், நீ” என்பார். எனக்கு அது பிடிக்காது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் கார்லண்ட் முன்னறையில் தனக்கு வைத்த தட்டைத் தூக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்து, அப்பாவுக்கு எதிரே ஒரு மரப்பெட்டியைப் போட்டு உட்கார்ந்து சாப்பிடுவாராம். அந்தக் காலத்தில் அது சாதாரணக் காரியம் இல்லை. அப்பா அதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

இந்த இசை யாருடையது என்று ரேடியோவில் யாராவது பேசினால் அப்பாவுக்குச் சிரிப்பு வரும். “பிடில் அவங்க ஆளுங்க கடல் தாண்டிக் கொண்டாந்தது. பாஞ்சோ நம்ம ஆளுங்க கடல் தாண்டிக் கொண்டாந்தது. அவங்க வந்த கப்பல் வேற, நாம வந்த கப்பல் வேற. ரெண்டும் இந்த மலையில வந்து சேந்துது. இதுல பேச என்ன இருக்கு?” என்பார். கார்லண்டின் மாமா வாசித்த மெட்டை வாசிக்கும் முன்னால், கேட்டாலும் கேட்காவிட்டாலும், இது அவருடையது என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்குவார்.

அன்று சாயங்காலம் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு எழுத்து அவ்வளவாக வராது. கண்ணிலும் புரை விழுந்திருந்தது. அவரைக்காயும் சோள ரொட்டியும் தட்டில் ஆறிக்கொண்டிருந்தன.

“லான்ஸோன்னு எங்கயாச்சும் இருக்கா பாரு” என்றார்.

“இல்லப்பா.”

“நல்லாப் பாரு.”

மறுபடி முதல் பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல் பார்த்தேன். இல்லை என்று சொன்னேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை அவரைக் கார்லண்ட் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். கார்லண்ட் வாசல் வராந்தாவில் நாய்க்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தார். புத்தகத்தைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. அப்பா கேட்பதற்கு முன்னாலேயே பேசத் தொடங்கினார். மூன்று வருஷத்துக்கு முன்னால் புரொபசர் டேப் மெஷினோடு வந்தாராம். இந்த மெட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டாராம். ஹோசியா என்கிற கறுப்பனிடம் கற்றேன், அவன் அப்பன் கட்டியது என்று சொல்ல வாயெடுத்ததும், புரொபசர் மெஷினை நிறுத்திவிட்டாராம். அவர் மறுபடி போட்டாராம், இவர் மறுபடி சொன்னாராம், அவர் மறுபடி நிறுத்தினாராம்.

“மூணாவது தடவ நான் என்னடா பண்ணுவேன் ஹோசியா? அந்த ஆளுக்கு ஸ்காட்லாந்து வேணும். எங்க அப்பான்னு சொன்னேன். அப்பதான் பொட்டி ஓடுச்சு.”

அப்பா வராந்தாப் படியில் உட்கார்ந்தார். பிறகு, “முன்னாடியே எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல” என்றார்.

“வெக்கமா இருந்துச்சு.”

அவ்வளவுதான். அப்பா அதை அப்படியே எடுத்துக்கொண்டார். திரும்பி வரும்போது அவர் மனசு லேசாகிவிட்டது தெரிந்தது. படித்தவன் பண்ணின வேலை, இவன் என்ன செய்வான் பாவம் என்று அம்மாவிடம் கார்லண்டுக்காக வாதாடினார். அடுத்த வாரமே ஒரு கல்யாணத்தில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள்.

எனக்குத்தான் ஆறவில்லை. கோபம் எல்லாம் அந்தப் புரொபசர் மேல். அவருடைய பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். புரொபசர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டார் என்றும், டேப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றும் மிஸ் ப்ரூயிட் என்ற பெண் பதில் எழுதினாள். அப்பாவிடம் சொன்னேன். “அவன் பொட்டிய நிறுத்துற சத்தம் கேக்குமா?” என்று கேட்டார். நின்று நின்று ஓடியிருந்தால் டேப்பில் தெரியும் என்றேன். அப்படியானால் போகலாம் என்றார். அவருக்கு அது கார்லண்ட் சொன்னது உண்மை என்பதற்குச் சாட்சி.

மூன்று மணி நேரப் பயணம். அப்பா சர்ச்சுக்குப் போடும் சூட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். மிஸ் ப்ரூயிட்டுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எங்களை ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து டேப்பைப் போட்டாள். முதலில் நாய் குரைத்தது. வெர்னா, அதாவது கார்லண்டின் மனைவி, தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெட்டு. கார்லண்ட் நன்றாகத்தான் வாசித்திருந்தார். கூடுதல் தட்டு வந்த இடத்தில் அப்பாவின் கட்டைவிரல் தானாக முழங்காலில் தட்டியது.

எல்ஸ்வர்த்தின் குரல் மென்மையாக இருந்தது. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டார். “எங்க அப்பாகிட்ட. அவரு அவங்க அப்பாகிட்ட” என்றார் கார்லண்ட். முதல் கேள்விக்கு முதல் பதில். நடுவில் எதுவும் நிற்கவில்லை. நாயின் சத்தமும் பாத்திரச் சத்தமும் அறுபடாமல் போய்க்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் கழித்து எல்ஸ்வர்த் மறுபடி கேட்டார்: “இந்தப் பக்கத்துல கறுப்பர்கள் யாராவது இதை வாசிக்கறதுண்டா, மிஸ்டர் ஸ்டர்ஜில்? பாஞ்சோவில? இருந்தா நான் அதைத் தெரிஞ்சுக்கணும்.”

டேப்பில் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது.

“இல்ல சார். இது அவங்க கைக்கு வராது. எங்கூட ஒருத்தன் வாசிப்பான். நான்தான் அவனுக்குக் காட்டிக் குடுத்தேன்.” பிறகு ஒரு சிரிப்பு.

மிஸ் ப்ரூயிட் தரையைப் பார்த்தாள். அந்த ‘ஒருத்தன்’ யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“இன்னொரு தடவ அந்த இடத்தப் போடும்மா” என்றார் அப்பா. அவள் போட்டாள். முழுசாகக் கேட்டுவிட்டு அவளுக்கு நன்றி சொன்னார். அவர் வாசித்தால் பதிவு செய்துகொள்கிறேன் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். “இன்னைக்கு என் கை ஓடாதும்மா” என்றார்.

பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தியபோது அப்பா சொன்னார்:

“அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். வெள்ளக்காரங்க முன்னாடி என்னை மட்டம் தட்டிப் பேச வேண்டி வந்தா அப்படித்தான் சிரிப்பான். சிரிச்சுட்டு என்னைப் பாத்துக் கண்ணடிப்பான், சும்மாத்தாண்டாங்கற மாதிரி. அன்னைக்கு நான் அங்க இல்லையே. யாரப் பாத்துக் கண்ணடிச்சான்?”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து நேராகக் கார்லண்ட் வீட்டுக்குப் போகச் சொன்னார். வராந்தாப் படி ஏறவில்லை; கீழேயே நின்றார். நான் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“பொட்டி நிக்கவே இல்ல, கார்லண்ட்” என்றார் அப்பா.

எந்தப் பெட்டி என்று கார்லண்ட் கேட்கவில்லை. அப்படி என்ன சொன்னேன் என்பதே நினைவில் இல்லை, மூன்று வருஷம் ஆகிவிட்டது என்று ஏதோ முனகினார். அதற்குள் வெர்னா வலைக்கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“ஞாபகம் இருக்கு அவருக்கு. நான் உள்ளதான் இருந்தேன் ஹோசியா. அந்தப் புரொபசர் போனதும், ஏன் அப்படிச் சொன்னீங்கன்னு இவர்கிட்டக் கேட்டேன். நாலு நாள் எங்கூடப் பேசல.”

கார்லண்ட் அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை. அப்புறம்தான் உண்மை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. வடக்கே பெரிய நகரங்களில் மேடையேற்றுகிறேன் என்று புரொபசர் சொல்லியிருந்தார். கறுப்பனிடம் கற்றது என்றால் அந்தக் கறுப்பனையே கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று கார்லண்டுக்குப் பயம். வாழ்நாள் முழுக்க நாற்காலிக் கால் கடைந்தவனுக்கு ஒரே ஒரு தடவை ஒரு கதவு திறந்தது என்றார்.

“நாம ரெண்டு பேருமே போயிருக்கலாமேடா” என்றார் அப்பா.

அது கார்லண்டுக்குத் தோன்றவே இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“அவரு பொட்டிய நிறுத்தியிருந்தா நான் உன்னைத் தப்பே சொல்ல மாட்டேன். நம்ம காலம் அப்படின்னு விட்டிருப்பேன். ஆனா அந்த மனுஷன் கேட்டாரு கார்லண்ட். உன் வீட்டு வாசல்ல உக்காந்து, என்னைப் பத்தியே கேட்டாரு.” அப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டார். “வரேன், மிஸ்டர் ஸ்டர்ஜில்.”

அவரை அப்பா அந்தப் பெயரால் கூப்பிட்டு நான் கேட்டது அது ஒரு தடவைதான். கார்லண்ட் அடிபட்டவர்போல நிமிர்ந்து பார்த்தார். அதற்குப் பிறகு அவர்கள் ஒன்றாக வாசிக்கவில்லை. ஃபாக்டரி வாசலில் எதிர்ப்பட்டால் அப்பா தலையசைப்பார். அவ்வளவே.

வசந்தத்தில் அப்பாவே சொல்லி, மறுபடி மிஸ் ப்ரூயிட்டிடம் போனோம். ஒரு மணி நேரம் வாசித்தார். லான்ஸோவைப் பற்றி, ஆற்றைப் பற்றி எல்லாம் சொன்னார். கார்லண்டின் மாமா மெட்டுகள் இரண்டை வாசித்தபோது, வழக்கம்போல அவர் பெயரைச் சொன்னார். வேண்டாம் என்று நான் தலையசைத்தும் சொன்னார். மிஸ் ப்ரூயிட் எல்லாவற்றையும் எல்ஸ்வர்த்துக்கு எழுதினாள். அவரிடமிருந்து மரியாதையான பதில் வந்தது. இரண்டு குடும்பங்களும் உரிமை கொண்டாடுவதால் இந்த மெட்டின் தோற்றம் சர்ச்சைக்குரியது என்று டேப்போடு இருந்த பட்டியல் அட்டையில் குறித்துவைக்கச் சொல்லியிருந்தார். இசைத்தட்டு இரண்டாம் முறை வெளிவந்தபோது புத்தகத்தில் ஒரு எழுத்தும் மாறியிருக்கவில்லை.

“என்ன சர்ச்சை?” என்று கேட்டாள் அம்மா. “கழுதை யாருதுன்னு அந்த ஆத்தங்கரையில போய்க் கேக்கச் சொல்லு.” நானும் அவளும் சிரித்தோம். அப்பா சிரிக்கவில்லை. அந்த மெட்டை அவர் வீட்டில் வாசிப்பது குறைந்துபோயிருந்தது. கேட்டால், வாசிக்கும்போது தன் அப்பா முகம் வர வேண்டிய இடத்தில் கார்லண்டின் முகம் வருகிறது என்றார்.

கார்லண்ட் 1975 அக்டோபரில் நெஞ்சடைத்துச் செத்துப்போனார். அன்று மாலையே வெர்னா போன் செய்தாள். அடக்கத்தன்று சர்ச்சில் ஹோசியா வந்து வாசிக்க வேண்டும் என்று கேட்டாள். கடைசி வாரம் முழுக்க கார்லண்ட் ஹோசியா பேச்சாகவே இருந்தார் என்றாள். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“மிஸ் வெர்னா, உங்களுக்காக எது வேணும்னாலும் செய்வேன். ஆனா அத்தன பேர் முன்னாடி அவனோட ஆளுன்னு நான் எந்திரிச்சு நிக்கணும்னா, அவன் ஒரு தடவையாச்சும் எனக்காக நின்னிருக்கணும்.”

அந்தப் பக்கம் வெர்னா அழுதது எனக்கே கேட்டது. சரிதான் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அடக்கத்தன்று அம்மா மட்டும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு போனாள். நான் வீட்டுக்குப் போனபோது அப்பா சவரம் செய்து, சூட் போட்டு, ஷூவைக்கூடத் துடைத்துப் போட்டுக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். காரை எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பதினோரு மணிக்கு, அடக்கத்துக்கான சர்ச் மணி அடித்தது கேட்டது. அப்பா கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். பன்னிரண்டு மணி தாண்டியதும் எழுந்துபோய் சூட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, வேலைச் சட்டையோடு திரும்பி வந்து, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.