பன்னிரண்டு பவுண்டு காற்று

1.

இந்தக் கதை எனக்குக் கொசுறாக வந்தது. நீங்களாகக் கண்டுபிடித்து மதிப்பைக் குறைப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

ஒரு சைக்கிள் மணி வாங்கப் போயிருந்தேன். கடைக்கார மெக்கானிக் சொன்ன விலையிலிருந்து இம்மி இறங்கவில்லை. நான் பேரம் பேசுகிறவர்கள் நடுவே வளர்ந்தவன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வாசல்வரை போவது, அங்கே நின்று திரும்பிப் பார்ப்பது, எல்லாம் அத்துப்படி. திரும்பிப் பார்த்தேன்.

“விலை குறையாது சார். வேணும்னா ஒரு கதை சொல்றேன்.”

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

(எனக்குச் சைக்கிள் கிடையாது. பிறகு மணி எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள்.)

2.

தொடக்கம் ஒன்று: ‘கடல் நீலமாக விரிந்து கிடந்தது. நான்கு சைக்கிள்கள் அதன் ஓரமாக’

வேண்டாம். கடலை விற்க ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

தொடக்கம் இரண்டு: ‘முழங்கால் அறுவைசிகிச்சை முடிந்து எட்டு மாதம் ஆகியிருந்த அவள், கண்களில் ஏக்கத்துடன்’

இதுவும் வேண்டாம். கடை திறந்ததும் இரக்கத்தை முன்வரிசையில் அடுக்கினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

தொடக்கம் மூன்று: அண்ணியின் கட்டைவிரல்.

இதை வைத்துக்கொள்வோம். அண்ணி ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறாள். மெழுகு, பிளாஸ்டர் அச்சு, அரம், நாள் முழுக்கச் செயற்கைப் பல். ஒரு பல் பக்கத்துப் பல்லைவிடத் தலைமுடி அளவு உயர்ந்திருந்தாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அதனால் சேர்ந்து சைக்கிள் பயணம் போகும் அவளுடைய நால்வர் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஒவ்வொரு பயணத்தின் காலையிலும் அவள் எல்லா டயர்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, “சரி, கெளம்பலாம்” என்ற பிறகுதான் சக்கரம் உருளும். காற்று அளக்கும் கருவி மெக்கானிக்கின் பையில் வெறும் சுமை.

(அண்ணி என்று அழைப்பது அவளுடைய நாத்தனார், நாத்தனாரின் கணவர்தான் நம் மெக்கானிக். அவருக்கு அவள் அக்கா முறை. எனக்கு அவள் யாரும் இல்லை. ஆனாலும் அண்ணி என்கிறேன். உறவு சொல்லிக் கூப்பிட்டால் யாராக இருந்தாலும் இரண்டடி கிட்டே வருவார்கள், நீங்களும்தான்.)

3.

நான்காவது ஆள் அண்ணியின் கணவர். பட்டப்பெயர் லக்கேஜ். இவர்கள் ஓட்டுவது ஃபேட் பைக். கை அகல டயர் போட்ட சைக்கிள், மணலிலும் போகும். கூடாரம், அடுப்பு, துணி எல்லாவற்றையும் சைக்கிளிலேயே கட்டிக்கொண்டு நாள்கணக்கில் போவார்கள். எடை குறைக்க மெக்கானிக் பல் துலக்கும் பிரஷையே பாதியாக அறுத்துவிட்டவர். லக்கேஜ் அப்படியில்லை.

“அண்ணி, இவன் தலகாணிய அமுக்கி உள்ள வெச்சிருக்கான்!” என்றாள் நாத்தனார், லக்கேஜின் தங்கை.

“அது என் கழுத்துக்கு.”

“கழுத்த வீட்ல வெச்சிட்டு வாண்ணா.”

இது அண்ணியின் வீட்டுக் கூடத்தில், சோபா முழுக்கப் பைகள் பரப்பியிருந்தபோது. அடுத்த மாதம் எட்டு நாள் கடலோரப் பயணம். நான்கு பேரும் நான்கு வருடமாகப் பேசிப் பேசித் தேய்த்த திட்டம். அதற்கு முன் ஒரு நாள் ஒத்திகை. அறுவைசிகிச்சை செய்த முழங்காலை நீட்டி அண்ணி எழுந்து நின்று சொன்னாள்.

“கேட்டுக்கோங்க. தார் ரோட்ல நாப்பது கிலோமீட்டர், அப்புறம் மணல். எனக்காக யாரும் நிக்கக் கூடாது. மணல் வரைக்கும் உங்க கூடவே வந்துட்டேன்னா எட்டு நாளும் வர்றேன். முடியலன்னா நீங்க மூணு பேரும் போங்க. நான் போட்டோ பாத்துக்கறேன்.”

லக்கேஜ் தலையணையை வெளியே எடுத்து வைத்தார்.

4.

ஒத்திகையன்று மணல்வரை வந்துவிட்டாள். பின்தங்கவே இல்லை. முப்பதாவது கிலோமீட்டரில் நாத்தனாரைப் பார்த்து, “என்னடி, மூச்சு வாங்குது? கடையில ஒக்காந்து ஒக்காந்து ஒடம்பு ஏறிடுச்சா?” என்று வம்புக்கு இழுக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். எட்டு மாதத்தில் அவள் யாரையாவது கிண்டல் செய்தது அன்றுதான்.

கதையை இங்கே நிறுத்தினால் சுபம். ஆனால் மெக்கானிக் இந்த இடத்தில் தலையைச் சொறிந்தார்.

“ஒரு சின்ன வேல பண்ணேன் சார். ஏழாவது கிலோமீட்டர்ல தண்ணி குடிக்க நின்னோம். செயின் பாக்குற மாதிரி குனிஞ்சு, என் ரெண்டு டயர்லயும் பன்னெண்டு பவுண்டு காத்த ஆறாக்கிட்டேன்.”

மணலுக்கு ஆறு சரி. டயர் பரந்து மிதக்கும். தார்ச்சாலையிலோ அது மாவு பிசைவதுபோல் ஒட்டும், கால் கழன்றுவிடும். அதாவது, அண்ணியால் வேகமாகப் போக முடியாது என்பதால் இவர் தன்னை மெதுவாக்கிக்கொண்டார்.

எனக்குச் சந்தேகம். தன் கடைச் சரக்கை உயர்த்திச் சொல்கிற ஆட்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

“நீங்க மட்டும்தானா?”

“...மச்சானும்தான். ஷூ லேஸ் கட்டுற சாக்குல.”

“உங்க வீட்ல?”

“சுவத்துக்குப் பின்னால ஒதுங்கிட்டு வர்றேன்னு போனா. சைக்கிளையும் கூட்டிட்டுப் போனா சார். எனக்கு அப்பவே சந்தேகப்படத் தெரியல.”

மூன்று பேர், மூன்று திருட்டு, ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. நான் கற்பனையில் செய்திருந்தால் ‘மிகை’ என்று அடித்திருப்பேன்.

5.

மணல் வந்தது. வழக்கப்படி எல்லாரும் குனிந்து காற்றை இறக்க வேண்டும்.

அண்ணி தன் வால்வை அழுத்தினாள். உஸ்ஸ்ஸ் என்று நீளமாக வந்தது.

மற்ற மூவருக்கும் இறக்க ஒன்றும் இல்லை. ஏழாவது கிலோமீட்டரில் இந்த இடத்தை ஒருவரும் யோசிக்கவில்லை. மெக்கானிக் நாக்கைப் பல்லில் வைத்து வாயாலேயே “உஸ்ஸ்ஸ்” என்றார். தொழில்காரர், அச்சு அசலாக இருந்தது. நாத்தனாரும் முயன்றாள், பாதியில் இருமல் வந்துவிட்டது. லக்கேஜுக்கு நடிக்கத் தெரியாது. நிஜமாகவே வால்வைத் திறந்தார். இருந்த ஆறும் போய், பைகளோடு சைக்கிள் மணலில் சப்பென்று உட்கார்ந்தது.

அண்ணி நிமிர்ந்தாள். ஒவ்வொரு சைக்கிளாகப் போய்க் கட்டைவிரலால் அழுத்தினாள்.

“எப்ப?”

“ஏழாவது கிலோமீட்டர்ல,” என்றார்கள் மூவரும். பிறகு ஒருவரையொருவர் பார்த்து, “நீயுமா?”

(‘அவள் கண்களில் நீர்’ என்று தொடங்கி அடித்துவிட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.)

“எட்டு மாசமா எல்லாரும் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி எடுத்து வெக்கறீங்க. இன்னிக்கு ஒரு நாள் நெஜமாவே ஓட்டிட்டேன்னு நெனச்சேன்.”

லக்கேஜ் உட்கார்ந்துபோன சைக்கிளைப் பிடித்தபடி சொன்னார்: “ஒன் முட்டிக்காக இல்லம்மா. நீ இல்லாம எட்டு நாள் போக எனக்குப் பிடிக்கல. அவ்ளோதான்.”

“அத வாயால சொல்லணும். டயரால சொன்னா யாருக்குப் புரியும்?”

பம்ப்பை வாங்கிக்கொண்டாள்.

6.

முடிவு அ: பம்ப்பைத் தூக்கி எறிந்து தனியே திரும்பிப் போகிறாள். எழுதிப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டர் கோபத்தைத் தாங்கும் ஆள் அவள் இல்லை.

முடிவு ஆ: நால்வரும் கட்டிப்பிடித்துச் சிரிக்கிறார்கள். அப்படியானால் அவள் நிஜமாகவே ஓட்டினாளா என்பதற்கு யார் பதில் சொல்வது?

நடந்தது இது. கணவரின் டயர்களுக்கு அவளே காற்றடித்து ஆறுக்குக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் மறுபடி அழுத்திப் பார்த்தாள்.

“இங்க எல்லாருக்கும் ஆறு. அந்தப் பாறை வரைக்கும் போகணும். நான் முன்னால போறேன், நீங்க என்னை முந்தணும். முந்திட்டா நீங்க போங்க, நான் வரல. முந்த முடியலன்னா அடுத்த மாசம் கூடாரத்துல எனக்கும் எடம் போடுங்க. எவனாவது வேணும்னே மெதுவா மிதிச்சான், அவன் பல்லுக்கு நானே அச்செடுப்பேன்.”

“சரிக்கா,” என்றார் மெக்கானிக்.

“சரி, கெளம்பலாம்.”

அவள் மிதிக்கிறாள். மணல் டயருக்கடியில் நறநறக்கிறது. முட்டி வலிக்கிறது, ஆனாலும் மடங்குகிறது. பாறைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். முதுகுக்குப் பின்னால் மூன்று பேரின் மூச்சு இரைகிறது, பலமாக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த இரைப்பு நெஞ்சிலிருந்து வருகிறதா, வாயிலிருந்தா?

மெக்கானிக்கிடம் கேட்டேன். மணியைக் காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார். பிறகு நாக்கைப் பல்லில் வைத்து, “உஸ்ஸ்ஸ்” என்றார்.

கண்ணை மூடிக் கேட்டால் டயரிலிருந்து வருகிறது என்றுதான் நீங்களும் சத்தியம் செய்வீர்கள். நான் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார், அது மட்டும் தெரியும். இதற்கு மேல் என்னிடம் சரக்கு இல்லை. கட்டைவிரலை வைத்து நீங்களே அழுத்திப் பாருங்கள்.