‘வந்தது’ என்றொரு பொத்தான்

நாற்காலித் தொழிற்சாலையின் மேலாளர் கணினித் திரையை முறைத்தார்.

"இது வாயைத் திறந்தா பொய்தாம்மா. மெத்தை வந்ததுன்னு காட்டுது. ஆளுங்களைக் கூப்பிட்டு உட்கார வெச்சா, கிடங்குல ஈ ஓட்டுறாங்க. நாளைக்கே இதை நிறுத்திட்டு, பழையபடி போன்லயே பேசிக்கிறோம்."

நிறுத்தினால், எதிரே நின்ற ஆய்வு மாணவியின் ஆராய்ச்சிக்கும் மங்களம்தான். ஒரு நிறுவனத்துக்குள் தகவல் எப்படிக் கைமாறுகிறது என்பதே அவள் எடுத்துக்கொண்ட பொருள்.

"இன்னிக்கு ஒரு நாள் பொறுங்க சார். எங்க சறுக்குதுன்னு காட்டிடறேன்."

வாய்ச்சவடால் இல்லை. மென்பொருளை அவள் ஏற்கெனவே அலசிவிட்டாள். அதில் கோளாறு இல்லை. கணினி தானாக எதையும் சொல்லாது, யாரோ சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லும். அந்த யாரோ, கொள்முதல் அதிகாரி. அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

போன் அடித்தது. "கிளம்பிடுச்சா? நல்லது," என்று வைத்தவர், ‘வந்தது’ பொத்தானைத் தட்டினார்.

"அண்ணே, லாரி எங்க இருக்கு?"

"இப்பத்தான் கிளம்புச்சு."

"வந்ததுன்னு போட்டீங்களே?"

"கிளம்பினா வந்த மாதிரிதானே! வழியில என்ன, இறக்கை முளைச்சுப் பறந்திடுமா?"

அதற்குள் மனைவியின் அழைப்பு. "இதோ வந்துட்டேன்!" என்றார், செருப்பைக்கூட மாட்டாமல்.

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. நேரே மேலாளர் அறைக்குப் போய், பார்த்ததைச் சொன்னாள்.

"அப்ப அவரை ஒரு பிடி பிடிக்கணும்," என்றார் மேலாளர்.

"நேத்து நீங்களும் என்கிட்ட ‘இதோ வந்துட்டேன்’னு சொன்னீங்க சார். நான் சாப்பிட்டுக் கை கழுவின அப்புறம்தான் வந்தீங்க."

மேலாளர் மீசைக்குள் சிரித்தார். அவள் தொடர்ந்தாள்.

"சொல்றவருக்கு அது வாக்குறுதி, படிக்கிறவருக்கு நடந்து முடிஞ்ச சங்கதி. ஒரே வார்த்தைதான், அர்த்தம் ரெண்டு. பொத்தானைப் பிரிச்சிடலாம். கிளம்பினா அவர் தட்டட்டும். இறக்கினா கிடங்குக்காரர் தட்டட்டும். கண்ணால பார்க்கிறவர்தான் சொல்லணும்."

"நாளைக்கு ஒரு லாரிக்குப் பார்ப்போம். தப்பினா இதை மூட்டை கட்டிடுவேன்."

"கட்ட வேண்டியிருக்காது சார்."

மறுநாள் காலை திரையில் ‘கிளம்பியது’ என்று விழுந்தது. மேலாளர் ஆட்களைக் கூப்பிடவில்லை. மதியம் ‘இறங்கியது’ என்று மாறியதும் மேலாளர் தாமே கிடங்குக்கு நடந்தார். மெத்தைகள் கூரை முட்ட நின்றன. ஒன்றை அழுத்திப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

"விற்பனைப் பிரிவுல ‘முடிஞ்சுது’ன்னு ஒண்ணு தட்டுறாங்க. அது என்ன முடிஞ்சுதாம்?"

அவள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு விற்பனைப் பிரிவுக்குக் கிளம்பினாள்.