ஊத முடியாதவர்கள்

நேற்று சாயங்காலம் சிமெண்ட் தூசி நுரையீரலைக் கெடுத்தது. இன்று காலையில் கெடுக்கவில்லை. இடையில் நான் செய்தது ஒன்றுதான்: வரைபடம் பளிச்சென்று வர ஒரு புது பேக்கேஜ் இறக்கினேன்.

எங்கள் புள்ளியியல் மென்பொருள் வெறும் அடுப்பு மாதிரி. சட்டி, கரண்டியெல்லாம் யாராவது செய்து வைத்திருப்பார்கள், அதுதான் பேக்கேஜ். வேண்டியதை இறக்கிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிமெண்ட் ஆலைத் தொழிலாளிகளைக் குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் அளவு எடுத்திருந்தார்கள். மூட்டை ஏற்றும் கொட்டகை ஆட்களை மற்றவர்களோடு ஒப்பிடுவது என் வேலை. மதியம், இந்த ஆய்வை நடத்தும் எங்கள் டாக்டரம்மா ஆலைக்காரர்களோடு உட்காருகிறார். தூசி கெடுக்கிறது என்றால், தூசி உறிஞ்சும் இயந்திரம் வைக்கும்வரை கொட்டகையை மூடச் சொல்வார். அங்கேதான் என் அக்கா புருஷன் மூட்டை சுமக்கிறார்.

பக்கத்து மேசைக்காரர் எதையும் நோண்டிப் பார்க்காமல் விடமாட்டார், ஆபீசில் ‘நோண்டி’ என்றே பேர். அவரைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, நான் எதையும் தொடலை. விடை மட்டும் மாறிடுச்சு.”

“தொடாமலேதான் எல்லாக் கண்ணாடியும் உடையும்.” நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார். “புதுசா எதை இறக்கின?”

“வரைபடத்துக்கு ஒண்ணு.”

“ஒருத்தனைச் சாப்பிடக் கூப்பிட்டா குடும்பத்தோட வந்து நிப்பான்ல? இதுவும் தனியா வரலை. நீ கணக்குப் போடுற பேக்கேஜையும் புதுப் பதிப்பா மாத்திடுச்சு.”

“அப்ப புதுசு சொல்றதுதான் சரியா?”

“புதுசுன்னா சரின்னு எவன் சொன்னான்?” விளக்கப் பக்கத்தைத் திறந்து முணுமுணுத்துப் படித்தார். “பழசு, அளவு எழுதாத காலிக் கட்டத்தைப் பூஜ்யம்னு எடுத்துக்கிச்சு. புதுசு, அந்த ஆளையே கணக்குலேர்ந்து தூக்கிப் போட்டுடுது.”

அட்டவணையைப் பார்த்தேன். காலிக் கட்டங்களில் பாதிக்கு மேல் கொட்டகை ஆட்கள். போனை எடுத்தேன்.

“மாமா, அன்னிக்குக் குழாய்ல ஊதினீங்களே, எவ்வளவு வந்துச்சு?”

“எங்கேம்மா ஊதினேன்? மூச்சை இழுத்ததும் இருமல் பிடிச்சுக்கிச்சு. போதும் போங்கன்னுட்டாங்க. எங்க ஆளுங்க பல பேருக்கு அதே கதிதான். ஏன், கொட்டகையை மூடப் போறாங்களா? மூடினா கூலி போச்சு, உங்கக்கா என்னை விறகா வெச்சு எரிப்பா.”

சிரித்தார். சிரிப்பு இருமலாகி, போன் வைக்கப்பட்டது.

மாமாவின் மூச்சு பூஜ்யம் இல்லை, இப்போதுதானே பேசினார். அவரை நீக்கிவிட்டாலோ, கொட்டகையில் மிஞ்சுவது நன்றாக ஊதுகிறவர்கள் மட்டும். பழைய பேக்கேஜ் அவரைச் சாகடித்தது. புதியது அவர் பிறக்கவே இல்லை என்கிறது.

“இதுல எதைக் கொடுக்கிறது, அண்ணே?”

“என்னைக் கேட்டா? நான் காய்ச்சல் கணக்குப் பாக்குறவன்.” நாற்காலி திரும்பி உருண்டது.

டாக்டரம்மாவின் அறைக்குப் போனேன். அவர் தலை நிமிராமல் கேட்டார். “கெடுக்குதா, இல்லையா?”

“தெரியலைம்மா.”

“நேத்து தெரியும்னியே?”

“நேத்து பழைய பேக்கேஜ். ஊத முடியாதவங்களை ரெண்டுமே தப்பா எண்ணுது. அவங்களை மறுபடி கூப்பிடணும். அப்பவும் ஊத முடியலைன்னா, முடியலைங்கிறதையே கணக்குல சேர்க்கணும்.”

அவர் முகத்திலும் என் குழப்பம் ஏறியது. வெளியே ஆலைக்காரர்களின் பேச்சுச் சத்தம்.

“அதுவரைக்கும் கொட்டகை ஓடட்டுமா?”

“வேண்டாம்மா” என்றேன். எந்தக் கணக்கை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. அக்காவிடம் என்ன சொல்வதென்றும் தெரியவில்லை.